காலி சீட்டை வைத்துப் போட்ட கணக்கு

"லாரியை முந்தும்போது பக்கத்துல உட்கார்ந்து எட்டிப் பார்க்க யாரு இருக்காங்க தம்பி?" என்று பட்டறை பாய் கேட்டார்.

பெரியப்பா விட்டுப்போன 1978 அம்பாசடர் மார்க் 3 வண்டியில் தனியாக லண்டன் போகிறேன் என்று சொல்லி, பானெட் மேல் வரைபடத்தை விரித்திருந்தேன். மைலேஜ் என்ன தரும், ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தால், அவர் கேட்டது இது. ஈரானில், துருக்கியில், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். நம் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அப்படியானால் ஓட்டுகிறவன் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். நடுச்சாலைப் பக்கம் இருப்பது காலி சீட். முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரில் என்ன வருகிறது என்று பார்க்க, பாதி வண்டியை வெளியே நீட்ட வேண்டும். இரண்டு வழிச் சாலையில் இதைத் தினம் முப்பது தடவை செய்ய முடியாது. டோல் கேட்டில் சீட்டு வாங்கக்கூட அந்தப் பக்கம் இறங்கி ஓட வேண்டும்.

அதுவரை நான் வண்டியை மட்டும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எல்லாக் கணக்கையும் அந்தக் காலி சீட்டை வைத்துப் போட ஆரம்பித்தேன். வண்டியும் மாறவில்லை, ஆசையும் மாறவில்லை. போகும் கண்டம்தான் மாறிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

பழைய வண்டியில் உலகம் சுற்றியவர்களின் கதைகளை நாம் நிறையப் படித்திருப்போம். அவர்களிடமிருந்து பாடம் எடுக்குமுன் வண்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. 1955 செப்டம்பரில் லண்டனில் கிளம்பி 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர். லேண்ட் ரோவர் இரண்டு. 1958-59இல் சிட்ரோயன் 2சிவியில் உலகைச் சுற்றிய பிரெஞ்சு இளைஞர்கள் இருவர். 1927இல் ஆட்லர் காரில் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய கிளேரனோர ஸ்டின்னெஸ் கூட, ஒரு படப்பிடிப்பாளரோடும் இரண்டு மெக்கானிக்குகளோடும் ஒரு துணை லாரியோடும்தான் போனார். மெக்கானிக்குகள் பாதியில் கழன்றுகொண்டார்கள். படப்பிடிப்பாளர் கடைசிவரை நின்றார், பிற்பாடு ஸ்டின்னெஸ் அவரையே கணவராக்கிக்கொண்டார். ஸ்டின்னெஸைப் பார்த்து ஆசைப்பட்டு 2014இல் பெர்லினிலிருந்து 1930ஆம் ஆண்டு ஹட்சன் காரில் கிளம்பிய ஹைடி ஹெட்சருக்கு அப்போது வயது 77. அவரோடு கிளம்பிய துணை நிலைக்கவில்லை. பெரும்பகுதி அவரே சமாளித்தார். 2017 மார்ச்சில் ஊர் திரும்பினார். ஆனால் அவர் பழைய ராலி ஓட்டுநர், கார் வியாபாரம் செய்த குடும்பம். என்னைப் போல ஃபேன் பெல்ட் மாற்றிவிட்டு அதைப் பத்து நாள் பெருமையாகச் சொல்கிற ஆள் இல்லை.

சரி, வண்டிக்கு வருவோம். என் கைக்கு எட்டியவை மூன்று: வீட்டில் நிற்கும் அம்பாசடர், நண்பர் தரத் தயாராக இருந்த பிரீமியர் பத்மினி, புரோக்கர் ஒருவர் காட்டிய டபிள்யூ 123 ரக மெர்சிடிஸ் 240 டீசல். ஜீப்பையும் யோசித்தேன், ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டேன். அது எங்கும் ஏறும், எதையும் இழுக்கும். ஆனால் எல்லைச் சாவடியில் நீங்கள் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்கும்போது வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. துணிக்கூரைக்குப் பூட்டு எங்கே போடுவது? ஃபோக்ஸ்வேகன் பீட்டில்மேல் எனக்குத் தனிக் காதல் உண்டு. காற்றால் குளிரும் என்ஜின், ரேடியேட்டரே கிடையாது, நான்கு போல்ட்டைக் கழற்றினால் என்ஜின் கையோடு வந்துவிடும். தனி ஆளுக்கென்றே செய்தது போன்ற வண்டி. ஆனால் அது நம் நாட்டில் தயாரானதே இல்லை. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் அதன் விலை நம்மை ஊரிலேயே உட்கார வைத்துவிடும்.

பென்ஸைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அந்த டீசல் என்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் மின்சாரம்கூடத் தேவையில்லை. எல்லாமே மெக்கானிக்கல் பம்ப். 1976 முதல் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள். வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் அது டாக்சியாகத் தேய்ந்த தேய்வுக்கு அளவே இல்லை. மொராக்கோவிலோ துருக்கியிலோ அதைத் திறந்து பார்க்காத மெக்கானிக் இருப்பது கஷ்டம். இரண்டு பேர் லண்டன் போவதானால், மாற்றுக் கருத்து இல்லாமல் பென்ஸ் என்றுதான் சொல்வேன்.

தனி ஆளுக்கு ஏன் இல்லை? அது அரிதாகத்தான் கெடும். கெட்டால் பெரிதாகக் கெடும். டீசல் பம்பை மரத்தடியில் பிரித்து மாட்ட என்னால் முடியாது. எடையும் 1,400 கிலோவை ஒட்டி வருகிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்தக்கூட நாலு பேரைக் கூப்பிட வேண்டும். அம்பாசடர் வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது முனகும். பாயிண்ட் தேய்ந்திருக்கும், கன்டென்சர் போயிருக்கும், கார்பரேட்டரில் தூசி சிக்கியிருக்கும். எல்லாமே ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு உப்புத்தாள், அரை மணி நேரம். அடிக்கடி வருகிற சின்னச் சங்கடம் பழகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய சங்கடத்தைத் தனியாகச் சமாளிக்க முடியாது. இது என் கட்சி. பென்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிச்சம் இரண்டு. இரண்டையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற்றினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. டிக்கியிலும் பின் சீட்டிலும் அரிசி மூட்டைகள்.

பத்மினி ஓட்டச் சுகம். 900 கிலோவுக்கும் குறைவு, 1,089 சிசி, குறுகலான உடம்பு, வளைவுகளில் அம்பாசடரைப் போலக் கப்பலாகத் திரும்பாது. இத்தாலியில் ஃபியட் 1100ஆகப் பிறந்து 1964 முதல் மும்பை குர்லாவில் தயாரான வண்டி. மும்பையின் கருப்பு மஞ்சள் டாக்சியாக 2023 அக்டோபர் வரை உழைத்தது. ஆனால் சுமை ஏறியதும் முகம் வாடிவிட்டது. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. முதல் கியரிலேயே அரைமணி நேரம் ஏறினேன். தனியாகப் போகிறவனுக்குச் சுமை குறைவுதானே என்று தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. இரண்டு பேர் போனாலும் டூல் பெட்டி ஒன்றுதான், ஸ்டெப்னி இரண்டுதான், தண்ணீர் கேன், பெட்ரோல் கேன் எல்லாம் அதேதான். ஆள் குறைகிறான், சாமான் குறைவதில்லை.

அம்பாசடர் முணுமுணுக்காமல் ஏறியது. 1,489 சிசி, ஐம்பது குதிரை சக்திதான். ஆனால் அடி வேகத்திலேயே இழுக்கிற என்ஜின். இறங்கும்போதுதான் பல்லைக் காட்டியது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பாதி மலை இறங்குவதற்குள் கருகல் வாடை. ஓரம் கட்டலாம் என்று நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி முன்னால் நகர்கிறது. கால் பிரேக்கை விட்டு இறங்கிக் கல் வைக்க முடியாது; கல் வைக்காமல் காலை எடுக்க முடியாது. ரிவர்ஸ் கியரில் போட்டு என்ஜினை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

லாரிகளில் கிளீனர் எதற்கு இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நின்றதும் குதித்துப் போய் முட்டுக்கட்டை போடுகிற அந்த ஒரு வேலைக்கே சம்பளம் கொடுக்கலாம். தனியாகப் போகிறவன் டிரைவரும் அவனே, கிளீனரும் அவனே. இப்போது கதவோரம் இரண்டு மரக்கட்டைகளைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். உட்கார்ந்தபடியே கதவைத் திறந்து சக்கரத்தடியில் வீசலாம். ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்தாயிற்று.

பாய் இன்னொரு பரீட்சை வைத்தார். பட்டறையில் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, "பிரேக்ல காத்து எடுங்க" என்றார். பிரேக்கில் காற்று எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் வண்டிக்கடியில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு வைத்த ட்யூப் ஒன்று இருந்தால் தனியாகவே செய்யலாம் என்று அதற்குப் பிறகு காட்டினார். விலை சொற்பம். கியர்பாக்ஸ் இறக்குவதை நான் இன்னும் தேறவில்லை. கயிறும் பலகையும் போட்டு வயிற்றில் தாங்கி இறக்குகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது. எனவே புறப்படுமுன் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு, வழியில் கியர்பாக்ஸைத் தொடாமலிருக்கப் பிரார்த்திப்பது என்று முடிவு.

ஸ்பேர் விஷயத்திலும் அம்பாசடர் முந்துகிறது. 1956இல் இங்கிலாந்தில் வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 மே வரை அம்பாசடராக வாழ்ந்தது. உள்ளே இருப்பது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி வரிசை என்ஜின். மாரிஸ், ஆஸ்டின், எம்ஜி என்று பல வண்டிகளுக்கு அதே குடும்பத்து என்ஜின்தான். எனவே பிரிட்டிஷ் கார்கள் எங்கெல்லாம் விற்றனவோ அங்கெல்லாம் இந்த என்ஜினைத் தெரிந்த கிழட்டு மெக்கானிக் ஒருவராவது இருப்பார். 1990களில் வந்த இசுசு என்ஜின் அம்பாசடர் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல வண்டி. அதை வாங்கச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். இதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

காகிதம் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. வண்டியைப் பல வெளிநாடுகளுக்குத் தற்காலிகமாகக் கொண்டுபோகக் கார்னே என்ற ஆவணம் வேண்டும். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு செல்லும். நம் நாட்டில் மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. வண்டி திரும்பி வரும் என்பதற்கு நாம் பிணையம் வைக்க வேண்டும். அது வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்தது. பென்ஸ் தோற்பதும் இங்கேதான், பளபளவென்று புதுப்பித்த அம்பாசடர் தோற்பதும் இங்கேதான். பெயிண்டுக்கும் குரோமுக்கும் லட்சங்களைக் கொட்டி மதிப்பை ஏற்றிக்கொண்டால் பிணையமும் ஏறும். என் வண்டி வெயிலில் வெளுத்த வெள்ளை. அப்படியே இருக்கட்டும்.

கார்னேயில் இன்னொரு கண்ணி இருக்கிறது. என்ஜின் செத்துவிட்டது, விட்டுவிட்டு விமானம் ஏறுகிறேன் என்று சொல்ல முடியாது. உள்ளே போன வண்டி வெளியே வந்ததற்கு முத்திரை வேண்டும், இல்லையென்றால் அந்த நாட்டுச் சுங்கவரியை நாம் கட்ட வேண்டும். கூட ஒருவர் இருந்தால் ஒருவர் வண்டியோடு தங்கி, இன்னொருவர் ஸ்பேர் வாங்க ஊருக்குப் போகலாம். தனி ஆள் வண்டியோடு கட்டப்பட்டவன்.

ஐம்பது வயது தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021இல் வந்த விதியின்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதிந்து தனி நம்பர் பலகை வாங்கலாம். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. நீண்ட பயணம் மனதில் இருந்தால் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே மேல்.

இனி வழி. லண்டனுக்கு நேர் வழியான அட்டாரி–வாகா 2025 ஏப்ரலிலிருந்து மூடிக் கிடக்கிறது. அதற்கு முன்பும் பல ஆண்டுகளாக, இந்தியப் பாஸ்போர்ட்டோடு பாகிஸ்தானைக் காரில் கடப்பது எளிதில் நடக்கிற காரியமாக இருந்ததில்லை. மியான்மர் வழியாகக் கிழக்கே போவது 2021 ராணுவப் புரட்சியோடு போயிற்று. வளைகுடாவுக்குக் கப்பலில் அனுப்பி ஈரான், துருக்கி என்று போகிற வழிதான் பலரும் பயன்படுத்தியது. பந்தர் அப்பாஸிலிருந்து லண்டன் ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டர். 2025 ஜூன் போருக்குப் பிறகு அதை நம்பித் தேதி குறிக்க எனக்குத் துணிவில்லை. அதோடு பாய் கேட்ட கேள்வி: இங்கிலாந்தைத் தொடும் வரை எல்லாமே வலப்பக்கம்.

நேபாளம், திபெத், சீனா வழியாக மத்திய ஆசியா போவது கனவுப் பாதை. படத்தில் பார்க்க அதைவிட அழகு வேறில்லை. கணக்குப் போட்டால் கனவு கலைகிறது. திபெத்தில் 5,000 மீட்டருக்கு மேல் கணவாய்கள். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். கார்பரேட்டருக்கு இது தெரியாது. அது வழக்கம்போல் பெட்ரோலை ஊற்றும், புகை கருப்பாக வரும். ஐம்பது குதிரையில் இருபத்தைந்து சொச்சம் மிஞ்சும். உயரத்துக்கு ஏற்ற சின்ன ஜெட் (பெட்ரோல் பாய்கிற துளை) மாற்றினால் புகை குறையும், போன குதிரைகள் திரும்பாது. சீனாவில் வெளிநாட்டு வண்டிக்கு அவர்கள் ஊர் தற்காலிக லைசென்ஸ், நம்பர் பலகை, கூடவே ஒரு வழிகாட்டி கட்டாயம். ஐந்து வண்டிகள் சேர்ந்து போனால் வழிகாட்டிச் செலவு ஐந்தாகப் பிரியும். தனி வண்டிக்கு முழுவதும் நம் தலையில். அப்புறம், காலி சீட்டில் அந்த வழிகாட்டி உட்காருவார். தனிப் பயணமே அங்கே முடிந்துபோகிறது. நேபாள எல்லையில் ரசுவா பாலம் வேறு 2025 ஜூலை வெள்ளத்தில் அடித்துப் போனது.

ஆப்பிரிக்கா என் பட்டியலிலேயே இல்லாதது. பாயின் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் கண்ணில் பட்டது. கென்யா, தான்சானியா, சாம்பியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா எல்லாமே நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற நாடுகள். மொம்பாசாவில் இறக்கினால் கேப் டவுன் வரைக்கும் ஸ்டியரிங் சரியான பக்கத்தில் இருக்கும். ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பெரும்பாலும் தார்ச்சாலை, பல இடங்களில் ஆங்கிலம் ஓடும். வழியில் பிரிட்டிஷ் கார்களை அரை நூற்றாண்டு ஓட்டிய ஊர்கள். கேப் டவுன் அருகே பிளாக்கீத்தில் பிஎம்சிக்கு ஆலையே இருந்தது.

வழி இப்படி: மொம்பாசாவிலிருந்து கடற்கரையோரம் தெற்கே எல்லையைத் தாண்டி, மொரோகோரோ. அங்கிருந்து மிகுமி தேசியப் பூங்காவுக்குள்ளேயே நெடுஞ்சாலை ஐம்பது கிலோமீட்டர் போகிறது. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சாலையோரம் நிற்கும். அங்கே ஃபேன் பெல்ட் அறுந்தால் இறங்கலாமா என்று பாயிடம் கேட்டேன், சிரித்தார். அடுத்து கிடோங்கா மலையேற்றம். நாம் போகும் திசையில் அது ஏற்றம் என்பது என் பிரேக்குகளுக்கு நிம்மதி. தான்சானியாவில் ஊருக்கு ஊர் ஐம்பது கிலோமீட்டர் வேக வரம்பு, மரத்தடியில் ரேடாரோடு போலீஸ். என் வண்டிக்கு அந்த வரம்பு மரியாதையாகவே இருக்கும். அப்புறம் துண்டுமா எல்லை, சாம்பியாவின் லுசாகா, சாம்பேசி ஆற்றங்கரையில் கசுங்குலா. முன்பு படகுக்கு லாரிகள் நாள்கணக்கில் காத்திருந்த இடம். 2021 மே முதல் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போட்ஸ்வானாவுக்குள் போய்விட்டால், தென்னாப்பிரிக்கா உட்பட ஐந்து நாடுகள் ஒரே சுங்க ஒன்றியம். கார்னேயில் ஒரே கணக்கு.

குறைகளும் இருக்கின்றன. இரவில் ஓட்டவே கூடாது. விளக்கில்லாத லாரியும் மாடும் ஒன்றுபோல வரும். சாம்பியாவில் ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம். விசாக்களை ஒவ்வொன்றாக முன்பே வாங்க வேண்டும். மார்ச் முதல் மே வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை, நவம்பருக்கு மேல் சாம்பியா, போட்ஸ்வானா பக்கம் மழை. ஜூனில் இறங்கி ஆகஸ்டுக்குள் முடிப்பதுதான் சரி. லண்டன் போனேன் என்று சொல்வதில் உள்ள கெத்து கேப் டவுனில் இல்லை என்று என் தம்பி சொல்கிறான். அதையும் ஒரு குறையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கேப் டவுனிலிருந்து டர்பனுக்கு ஒரு சுற்றுப் போவேன். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் அது. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். வண்டியை ஊருக்கு ஏற்றிவிட அந்தத் துறைமுகம்தான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கப்பலில் எப்படி அனுப்புவது என்பதில் மட்டும் ஒரு வாரம் தடுமாறினேன். ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்குகிற கப்பலில் செலவு குறையலாம், ஆனால் சாவியை யாரோ ஒருவரிடம் கொடுக்க வேண்டும். சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், கிளட்சை எங்கே விட வேண்டும் என்று என் வண்டிக்கு ஒரு சுபாவம் இருக்கிறது. துறைமுகத்து ஆளுக்கு அது புரியாது. உள்ளே இருக்கும் டூல்களும் கிளம்பியபடியே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. இருபது அடி கன்டெய்னரில் நானே ஓட்டி ஏற்றி, பேட்டரி கழற்றி, பூட்டலாம். இரண்டு வண்டிகள் சேர்ந்தால் நாற்பதடியில் செலவைப் பங்கிடலாம். நான் ஒருவன்தான், முழுக் கன்டெய்னரும் என் செலவு. பரவாயில்லை, டூல் பெட்டி என் கண்ணெதிரே பூட்டப்படும்.

இப்போது பட்டறையில் வண்டிக்கு வேலை நடக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி நின்றுவிட்டால் போடுவதற்கு ஈரத் துணி வரை பட்டியலில் எழுதியிருக்கிறேன். செல்ஃப் எடுக்காவிட்டால் தள்ளுவதற்கும் ஆள் கிடையாதே, எனவே முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற வசதி வேண்டும் என்று பாய் அடம்பிடிக்கிறார். துளை இருக்கிறது. ஹேண்டில்தான் பெரியப்பா காலத்திலேயே தொலைந்துவிட்டது. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று சனிக்கிழமையாகத் தேடுகிறேன். கிடைத்த இரண்டும் ட்ராக்டருடையவை.